விழுங்கியதற்குச் சாட்சி

மாபுலெங்குக்குத் தன் மாமனாரின் கால்களை நன்றாகத் தெரியும். சுரங்கத்தில் கல் விழுந்து நகம் போன வலது பெருவிரல், இடது குதிகாலில் ஒட்டுப் போட்ட ரப்பர் பூட்ஸ், அவர் போர்த்தியிருக்கும் கம்பளியின் விளிம்பில் சாயம் போன கோடு எல்லாம் அத்துப்படி. முகம்தான் தெரியாது. கல்யாணமாகி லெசோத்தோவின் அந்த மலைமேட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. மொசியுவா என்ற அவர் பெயரை வாயால் சொன்னதும் இல்லை.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த மலையில் மருமகள் என்றால் அப்படித்தான். தலையில் துணி, தோளில் சால்வை, மாமனாருக்குக் கொடுப்பதைக் கையில் கொடுக்காமல் தரையில் வைப்பது, வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வது. கீழே பட்டணத்தில் இதெல்லாம் குறைந்துபோய்விட்டது என்று சொல்கிறார்கள். பட்டணத்தில் எதுதான் குறையவில்லை?

மாமியார் இறந்து வருடங்களாகிவிட்டன. புருஷன் பெல்லோ எல்லை தாண்டி, தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினம் சுரங்கத்தில் இருந்தான். வீட்டில் முதுகில் கட்டிய கைக்குழந்தையோடு மாபுலெங். பக்கத்து வட்டக் குடிசையில் மாமனார். அவர் இளமையில் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு, கைநிறையச் சம்பளத்தோடு உடம்பு நிறைய எச்.ஐ.வி.யையும் கொண்டுவந்தவர். அதை அவர் மறைப்பதில்லை. "கூலியோட கொசுறாக் குடுத்தாங்க" என்பார். அதில்தான் மனைவி போனாள். அவள் போன துக்கத்தில் அவரும் மருந்தை ஒத்திப்போட்டு, எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்துக்குப் போன பிறகுதான் கிளினிக் படியேறினார். அங்கே சளியில் கிருமி தெரிந்தது. காசநோய் என்றார்கள். எச்.ஐ.வி. மாத்திரைகளோடு செங்கல் நிற மாத்திரைகளும் சேர்ந்துகொண்டன.

காசநோய் மாத்திரையை யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க, விழுங்க வேண்டும். அது ஊரறிந்த சட்டம். அந்த வேலையைச் செய்துவந்த கிராம சுகாதாரப் பெண்மணி மகள் வீட்டோடு போய்விட்டாள். நர்ஸ் லிசேபோ மாபுலெங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல நீதானே இருக்க? நீயே பாத்துக்க. மாத்திரை உள்ள போறத உன் கண்ணால பாக்கணும். அப்புறம் வாயத் திறக்கச் சொல்லி, நாக்கத் தூக்கச் சொல்லி, உள்ள ஒண்ணும் இல்லன்னு பாக்கணும். சரியா?"

"சரிங்க சிஸ்டர்."

லிசேபோ பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள். மாமனார் வாயை மருமகள் எப்படிப் பார்ப்பாள் என்ற கேள்வியே அவளுக்கு எழவில்லை. மாபுலெங்குக்கோ, படித்த நர்ஸிடம் முடியாது என்று சொல்ல நா எழவில்லை. இப்படித்தான் நல்லவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு காரியத்தைக் கெடுப்பது.

தினமும் காலையில் அவள் புளித்த சோளக்கூழையும் மாத்திரைகளையும் கொண்டுபோவாள். மண்டியிட்டு வைத்துவிட்டு முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பின்னால் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கும். தொண்டை இறங்குகிற சத்தம், பிறகு ஒரு செருமல்.

"ஆச்சு" என்பார் மொசியுவா.

"சரிப்பா" என்று எழுந்து வருவாள். கிளினிக் கொடுத்த அட்டையில் ஒரு குறி போடுவாள்.

ஐந்தாவது மாதம் டாக்டர் இலுங்கா வந்திருந்த நாளில் அவர்களைக் கூப்பிட்டார்கள். அவர் காங்கோக்காரர், மாதம் இரண்டு தடவை ஜீப்பில் மலையேறி வருவார். உள்ளூர் மொழியை ஒரு மாதிரி பேசிச் சமாளிப்பார். ஐயா, அம்மா சேர்க்க மறந்துவிடுவார். முகத்தில் சிரிப்பு இருப்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கிளினிக் என்பது ஒரே அறை. ஒருவருக்கு வைத்தியம் நடக்கும்போது மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"அஞ்சு மாசம். சளியில கிருமி அப்படியே இருக்கு. நீ இன்னும் எலும்பாயிட்ட. இது எப்படி?" என்றார் டாக்டர்.

"அத நீங்கதான் சொல்லணும்" என்றார் மொசியுவா.

"சொல்றேன். ஒண்ணு, நீ மாத்திரை முழுங்கல. இல்ல, கிருமி மாத்திரைக்கு மசியாத கிருமி. அதுவும் இல்லன்னா, இது காசநோயே இல்ல, வேற எதுவோ. ஜில்லா ஆஸ்பத்திரி மெஷின்ல போட்டா தெரிஞ்சிடும். மெஷின் இருக்கு, அதுல போடற குப்பி இல்ல. அது வராம மாசக்கணக்காச்சு. மிச்சம் இருக்கறது தலைநகர்ல இருக்கற பெரிய லேப். அங்க முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? இவன் முழுங்கினத யார் பாத்தான்னு கேப்பாங்க. பாத்த ஆள் இல்லன்னா சாம்பிள தொட மாட்டாங்க."

லிசேபோ நிமிர்ந்து நின்றாள். "பாத்த ஆள் இருக்கு டாக்டர். மருமகளே பாக்கறா. ஒரு நாள் தவறாம குறி போட்டிருக்கா."

பெஞ்சு முழுவதும் மாபுலெங் பக்கம் திரும்பியது.

"நல்லது. தினமும் பாத்தியா? வாய்க்குள்ள? நாக்குக்கு அடியில?"

'பார்த்தேன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நேராகக் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "கேட்டேன்" என்றாள்.

"என்ன கேட்ட?"

"முழுங்கற சத்தத்த. நான் அவர் முகத்தப் பாக்கறதில்லீங்க. அவர் என் மாமனார்."

டாக்டர் வாயை மூடிக்கொண்டு தொண்டையில் 'க்ளக்' என்று ஒரு சத்தம் எழுப்பிக் காட்டினார். "இந்தச் சத்தத்த நானும் போடுவேன். என் வாயில மாத்திரை இருக்கா?"

பெஞ்சு சிரித்தது. மாபுலெங்கின் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒட்டுப் போட்ட பூட்ஸ்தான். அது சிரிப்புக்கு நடுவே மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.

லிசேபோவின் முகம் கடுகடுத்தது. டாக்டர் எதிரில் மானம் போன கோபம் அவளுக்கு. "துப்பியிருக்காரு, வேறென்ன? குமட்டுதுன்னு பெரியவங்க துப்பிடுவாங்க. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்."

"நான் துப்பல" என்றார் மொசியுவா.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க ஐயா."

"இன்னிக்குக் குடுத்த மூத்திரம் ஆரஞ்சு நிறமா இருந்துச்சே. செங்கல் மாத்திரை உள்ள போனா அப்படித்தான் போகும்னு நீதானே சொன்ன?"

"கிளினிக்குக்கு வர்ற அன்னிக்கு யார்தான் முழுங்க மாட்டாங்க?"

டாக்டர் அவரைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இடது விலாவுக்குக் கீழே கை வைத்ததும் சிரிப்பு நின்றது. லிசேபோவிடம் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். மாபுலெங் பத்தாவது வரை படித்தவள். மண்ணீரல் இவ்வளவு வீங்கியிருக்கிறது, ரத்தமே இல்லை, இந்த ஆள் அதிக நாள் தாங்கமாட்டார் என்றது அவளுக்குப் புரிந்தது.

"நான் திரும்ப வர்ற வரைக்கும் நீ பாரு. காதால இல்ல, கண்ணால. பாத்தேன்னு என் முன்னாடி வந்து சொல்லு. அன்னிக்கே சாம்பிள அனுப்பறேன்" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் மொசியுவா குதிரைமேல் குனிந்தபடி இருந்தார். அவள் பின்னால் நடந்தாள். கணவாயில் குதிரை மூச்சு வாங்க நின்றபோது அவர் முன்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ பொய் சொல்லல. அது சரிதான். ஆனா இப்ப ஊருக்கு முன்னால நான் பொய்யன்."

சரியானதைச் செய்துவிட்டு இப்படிக் குற்றவாளியாக நடக்கிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

செய்தி அவர்களுக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் அத்தை, அதாவது மொசியுவாவின் அக்கா, போனில் பெல்லோவுக்கும் சொல்லிவிட்டாள். மாபுலெங் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்றபோது அவன் முதலில் கேட்டதே அதுதான்.

"அப்பா மாத்திரையத் துப்பறாராமே?"

"யார் சொன்னா? அவர் துப்பலன்னு சொல்றாரு."

"துப்பியிருப்பாரு. அவருக்குக் கசப்பு ஆகாது, பிடிவாதம் வேற. எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? உண்மையைச் சொன்னால், அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. ஐந்து மாதம் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தத்தை எதை வைத்து நம்புவது? மறுநாள் காலை மாத்திரை வைத்துவிட்டு வெளியே வந்தவள், குடிசையைச் சுற்றிக் கோழி கொத்துகிற இடமெல்லாம் குனிந்து தேடினாள். செங்கல் நிறத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. தேடியதற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே வறட்டிக் குவியலுக்குப் பின்னாலும் தேடினாள்.

அந்த வாரம் பனி கொட்டியது. கால்நடை அடைக்கும் கல்பட்டிக்குப் பின்னால் வறட்டி எடுக்கப் போனபோது பார்த்தாள். சுவரோரம் வெள்ளைப் பனியில் பளிச்சென்று ஓர் ஆரஞ்சுக் கறை. மாமனார் காலையில் ஒதுங்குகிற இடம் அது. மருமகள் போகக்கூடாத பக்கம். மறுநாள் புதுப்பனி மூடியிருந்தது. அதன்மேல் புதிதாக அதே ஆரஞ்சு. அதற்கு மறுநாளும் அப்படியே. கிளினிக்கும் இல்லை, நர்ஸும் இல்லை, பார்க்க ஒரு காக்காயும் இல்லை. யாருக்குப் பயந்து அவர் விழுங்க வேண்டும்?

மாபுலெங் அங்கேயே வறட்டிக் கூடையைப் போட்டுவிட்டு அழுதாள். அவர் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறார். ஐந்து மாதமும் விழுங்கியிருக்கிறார். அவரைப் பொய்யராக்கியது தான்தான்.

ஆனால் பனியை அள்ளிக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்ட முடியாது. அவர் கேட்டது கண்ணை. அன்று கூழை வைத்தபின் அவள் எழுந்திருக்கவில்லை.

"அப்பா."

"என்ன?"

"நான் பாக்கணும்பா. நீங்க முழுங்கறத."

"வெளிய போ" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

விஷயம் அத்தைக்கு எட்டியது. பனி கொஞ்சம் விட்டதும் கம்பை ஊன்றிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"மாமனார் வாய்க்குள்ள எட்டிப் பாக்கறவளா நீ? எந்த வீட்ல வளத்தாங்க உன்ன? அந்த நர்ஸுதான் பட்டணத்துச் சிறுக்கி, உனக்குப் புத்தி எங்க போச்சு?"

"யாராவது பாத்தாத்தான் டாக்டர் அனுப்புவாரு அத்த. இல்லன்னா..."

"நான் பாக்கறேன். கூடப் பொறந்தவ நான், எனக்கில்லாத உரிமையா?"

உரிமை இருந்தது. பார்வைதான் இல்லை. இரண்டு கண்ணிலும் புரை. அன்று தம்பிக்கு எதிரே உட்கார்ந்து, "வாயத் திற" என்று அதிகாரம் பண்ணி, மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"இருக்கா இல்லையா?" என்றார் மொசியுவா.

"இருட்டா இருக்கு."

"உனக்கு உச்சி வெயிலே இருட்டுதான்க்கா."

"விளக்கக் கொண்டாந்து வச்சுப் பாக்கறேன், இரு."

"தாடியக் கொளுத்திடாத. மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

கதவுக்கு வெளியே நின்ற மாபுலெங் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கலாமா அழலாமா என்று தெரியவில்லை. அத்தைக்கும் மனசுக்குள் தெரிந்திருக்க வேண்டும். போகும்போது மருமகளைத் திட்டவில்லை. "தெனமும் இந்தப் பள்ளத்த ஏறி எறங்க என்னால ஆகாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, நின்று, மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை மொசியுவாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கம்பளி வேர்வையில் ஊறியிருந்தது. மாபுலெங் வழக்கம்போல் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"திரும்பாத. நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். நீ பாக்கறத நான் பாத்தாத்தானே தப்பு? நான் கண்ண மூடிக்கறேன். மூடினதும் சொல்றேன். நீ பாரு."

"அப்பா..."

"மூடிட்டேன்."

அவள் திரும்பினாள். குனிந்த தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினாள். கம்பளியைக் குத்தியிருந்த ஊசி, நரைத்த தாடி, பிறகு முகம்.

அவள் பயந்தது ஏதோ கடுமையான, பெரிய முகத்துக்கு. அங்கே இருந்ததோ ஒட்டி உலர்ந்துபோன ஒரு முகம். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு. இறுக மூடிய இமைகள், ஊசி போடும்போது குழந்தை மூடுவதுபோல. அந்தத் தாடை பெல்லோவின் தாடை. காதும் அவன் காது. இத்தனை வருடம் தன் புருஷனின் முகத்தில் பாதியை வைத்திருந்தவரை இவள் பார்க்காமலே இருந்திருக்கிறாள். அவளுக்கு அவர்மேல் அப்படியொரு பாசம் பொங்கியது.

அவர் தடவித் தடவி மாத்திரைகளை எடுத்தார். ஒவ்வொன்றாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தொண்டை எலும்பு ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள். ஒவ்வொரு மாத்திரைக்கும் நெற்றி சுருங்கி, உடம்பு முழுவதும் குமட்டி, மறுபடி அடங்கியது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இவ்வளவு பாடு இருப்பது அவளுக்கு இதுவரை தெரியாது. கடைசியில் வாயைத் திறந்தார். நாக்கெல்லாம் வெள்ளை படர்ந்து புண்ணாக இருந்தது. நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

"மாத்திரை இருக்கா?"

"இல்லப்பா."

"வேற என்ன இருக்கு?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "பல்லு இருக்கு. கொஞ்சம்."

மூடிய கண்ணோடு மொசியுவா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. "போ, போய் வேலையப் பாரு" என்றார். அவள் வெளியே போய்க் கதவைச் சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்திருப்பார்.

டாக்டர் வரும் நாள்வரை தினமும் அப்படியே நடந்தது. அன்று மொசியுவாவால் குதிரைமேல் தனியாக உட்கார முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பின்னால் ஏறி அணைத்துப் பிடித்துக்கொண்டார். கிளினிக் பெஞ்சு நிறைய ஆள். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்த அத்தையும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

லிசேபோ மெதுவாகக் கேட்டாள். முன்பிருந்த கோபம் அவளிடம் இல்லை. "என்னம்மா, பாத்தியா?"

அந்தப் பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் யாருக்கோ மருமகள். மாபுலெங்கின் காது சூடாகிவிட்டது. இதைச் சொல்லிவிட்டால் ஊர் என்றென்றும் பேசும். கிணற்றடியில் பேசும், சர்ச் வாசலில் பேசும்.

அவள் தலையை நிமிர்த்தினாள். "பாத்தேன். தினமும் பாத்தேன். வாயத் திறக்கச் சொல்லி, நாக்கத் தூக்கச் சொல்லி, என் கண்ணால பாத்தேன். அவர் ஒண்ணு விடாம முழுங்கறாரு. முழுங்கறதுக்கு அவர் படற பாட்டையும் பாத்தேன். முன்னாடியும் முழுங்கிட்டுத்தான் இருந்தாரு, நாந்தான் திரும்பிக்கிட்டேன்."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். உடனே அத்தையின் கம்பு தரையில் டொக்கென்று விழுந்தது.

"யாருடி அது? நாந்தான் பாக்கச் சொன்னேன். என் தம்பி வீட்டு விஷயம். வந்த வேலையப் பாருங்க."

அது சுத்தப் பொய். ஆனால் அத்தை அந்த ஊரில் யாருக்கும் பயந்ததில்லை.

டாக்டர் இலுங்கா இந்தத் தடவை ஒன்றும் வேடிக்கை பண்ணவில்லை. சளியை எடுத்தார். ரத்தத்தையும் எடுத்தார். தன் கையாலேயே பெட்டியில் வைத்து, சாம்பிள் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் பெண்ணிடம் கொடுத்தார். "காசநோய்க்கு ஒரு சொந்தக்காரக் கூட்டம் இருக்கு. அதுல ஒண்ணோன்னு எனக்குச் சந்தேகம். அது மெதுவாத்தான் வளரும். லேப்ல வளந்து பேர் தெரிஞ்சாத்தான் அதுக்கான மாத்திரையக் குடுப்பாங்க. இங்க என்கிட்ட இல்ல. அதுவரைக்கும் இவரக் காப்பாத்து" என்றார் மாபுலெங்கிடம்.

காப்பாற்றுவது என்றால் எப்படி என்று அவர் சொல்லவில்லை. மாபுலெங் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். கூழைத் தண்ணியாகக் காய்ச்சி ஊட்டினாள். ஆம், ஊட்டினாள், தரையில் வைத்தால் எடுக்க அவருக்குத் தெம்பில்லை. பேதியும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. வயிற்று வலியில் அவர் கம்பளியைக் கடிப்பார். ஒரு காலை மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்க்கும்படி ஆயிற்று. அன்றும் மாத்திரையை விழுங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து காட்டினார்.

"இன்னிக்கு வேண்டாம்பா. நான் நம்பறேன்."

"நீ நம்பற. பாக்கவும் செய். நாளைக்கு யாராவது கேட்டா நீ திக்கக் கூடாது" என்றார்.

பனி உருகி ஓடையில் தண்ணீர் புரண்ட நாட்களில் ஒருநாள் லிசேபோ வந்தாள். மோட்டார் சைக்கிள் பெண்ணின் பின்னால் உட்கார்ந்து, முழங்கால்வரை சேறாக. போனில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நேராக மொசியுவாவின் குடிசைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயா, இது காசநோய் இல்ல. அதே சாதிக் கிருமி, ஆனா வேற. தண்ணியில, மண்ணுல எங்கேயும் இருக்கறது. நம்ம எல்லார் உடம்புலயும் போகும், வரும், ஒண்ணும் செய்யாது. காவல் இல்லாத உடம்பாப் பாத்து உள்ள பூந்து பரவிடும். உங்களுக்கு ரத்தம், எலும்பு மஜ்ஜை, மண்ணீரல்னு ஒரு இடம் விடல. நாங்க குடுத்த மாத்திரைக்கு அது சாகாது. நீங்க முழுங்கி முழுங்கி, அது பாட்டுக்கு இருந்திருக்கு." அவள் குரல் இறங்கியது. "நான் உங்களப் பத்துப் பேர் முன்னாடி துப்பறவருன்னு சொன்னேன். தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

மொசியுவா சுவரில் சாய்ந்தபடி இருந்தார்.

"புது மாத்திரை கொண்டாந்திருக்கியா?"

"கொண்டாந்திருக்கேன்."

"கசக்குமா?"

"கசக்கும் ஐயா. ரொம்ப மாசம் சாப்பிடணும்."

"வேலைக்காகாத மாத்திரையையே நான் அஞ்சு மாசம் துப்பல. குடு."

அவள் கொடுத்தாள். அவர் மருமகள் இருக்கும் பக்கம் தலையைத் திருப்பி, வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார். லிசேபோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியிருக்க வேண்டும். சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

புது மாத்திரை உடனே மாயம் ஒன்றும் செய்துவிடவில்லை. முதலில் வேர்வை நின்றது. பிறகு ஒருநாள் காய்ச்சல் வரவில்லை. பின்பு களியும் கீரையும் கேட்டார். பீச் மரங்கள் பூத்த சமயம் கம்பை ஊன்றிப் பட்டிவரை நடந்துபோய், குதிரையைத் திட்டிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாபுலெங் பாறைமேல் ஏறி நின்று பெல்லோவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா எப்படி இருக்காரு?" என்றான் அவன். இந்தக் கேள்வியைக் கேட்கவே பயந்தவன்போல் குரல் இருந்தது.

"தேவலை. கன்னத்துல கொஞ்சம் சதை வச்சிருக்கு. நாக்குப் புண்ணு ஆறிடுச்சு. முன்னாடி முகமே வெளுத்துக் கெடக்கும், இப்ப ரத்தம் ஓடறது தெரியுது."

சிக்னல் போய்விட்டதோ என்று அவள் போனைப் பார்த்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன்."

"அப்பா முகத்தையா?"

"முகத்தத்தான். தினமும் பாக்கறேன். யாராவது பாக்க வேண்டியிருந்துச்சு."

திட்டு விழும் என்று அவள் காத்திருந்தாள். பெல்லோ தொண்டையைச் செருமினான். செருமலும் அப்பாவுடையதுதான்.

"அவர் துப்பியிருப்பாருன்னு நான் சொன்னது அவருக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல."

"சொல்லாத" என்றான். "நான் அவரப் பாத்து ஒரு வருஷத்துக்கு மேலாச்சு. அவர் முகம் இப்ப எப்படி இருக்குன்னு சொல்லு. முழுசா சொல்லு."

குழந்தை முதுகில் தூங்கிக்கொண்டிருந்தது. மாபுலெங் பாறைமேல் உட்கார்ந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள்.